காதக்கா வீட்டிலிருந்து களவுபோன குரல்கள்

கண்ணாடிக் கடைக்கு மேலே, முதல் மாடியில், நான்கே அறைகளில் நடந்துவந்தது அந்த மனநல மருத்துவமனை. வருகிறவர்கள் மூக்குக்கண்ணாடி வாங்க வந்தவர்கள்போல் கடை வாசலில் கொஞ்சம் நின்று, தெருவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சட்டென்று படியேறிவிடுவார்கள். கடைக்காரருக்கு அது பழகிப்போயிருந்தது. தன் கடைக்கு வருகிற கூட்டத்தில் பாதி மேலே போய்விடுகிறது என்று சொல்லிச் சிரிப்பார். ஆனால் யார் ஏறினார்கள், யார் இறங்கினார்கள் என்று ஒருவரிடமும் அவர் மூச்சு விட்டதில்லை.

அந்த மாடியின் கடைசி அறை, ஜன்னல் இல்லாதது, காதக்காவுடையது. வரவேற்பில் உட்காருகிற பெண் வைத்த பெயர் அது. வந்தவர்கள் பேசும்போது டாக்டரம்மா குனிந்து குறிப்பெழுதமாட்டார். எதிரில் இருப்பவர் மனதைத் திறந்து வைத்திருக்கும்போது காகிதத்தைப் பார்ப்பது அவருக்கு அவமரியாதையாகப் பட்டது. அதனால் சம்மதம் கேட்டுக்கொண்டு பேச்சைப் பதிவு செய்துகொள்வார். அவர்கள் போன பிறகு தன் கருத்தையும் அதன் வாலில் சொல்லி வைப்பார். அதுவும் எப்படி? வாயில் வெந்நீரை வைத்துக்கொண்டு பேசுவதுபோல். வேலைக்கு வந்த தட்டச்சுக்காரர்கள் எல்லாம் ஒரே மாதத்தில் கும்பிடு போட்டுவிட்டு ஓடினார்கள். காதக்கா மட்டும்தான் நிலைத்தாள். முனகலோ, விம்மலோ, அழுகைக்கு நடுவே உடைந்து வரும் அரை வார்த்தையோ, எதுவானாலும் அவள் காதில் முழுசாக விழுந்துவிடும்.

பதிவுகளில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். அந்தக் குரல்களுக்கு உரிய முகங்களைத் தேடக்கூடாது என்று அவளாகவே ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தாள். வரவேற்பறையில் யாராவது உட்கார்ந்திருந்தால் தலையைக் குனிந்தபடி கடந்துபோய் அறைக்குள் நுழைந்துகொள்வாள். வீட்டில்கூட ஒரு வார்த்தை சொன்னதில்லை. கணவன் ஆரம்பத்தில் துருவிப் பார்த்தான். "உனக்குள்ள ஊரே குடியிருக்கு, எனக்கு மட்டும் வாடகைக்கு இடமில்லையா?" என்று கேட்டுவிட்டு, பிறகு கேட்பதையே விட்டுவிட்டான்.

அவன் லிப்ட் மெக்கானிக். வாய் ஓயாதவன். வேலைக்குப் போகிற கட்டடங்களில் எல்லாம் காவலாளி முதல் மேனேஜர் வரை அவனுக்குச் சிநேகிதம். ஒரு புதுக் கட்டடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது கால் தவறி லிப்ட் குழிக்குள் விழுந்தான். உயிர் தப்பியது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி திரும்பவில்லை. பார்க்க வந்தவர்களிடம், "ஊரையே மேல ஏத்திவிட்டேன். நான் மட்டும் கீழ வந்துட்டேன்" என்று அவனே சொல்லிச் சிரித்தான். வந்தவர்கள் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் விழித்தார்கள். சிநேகிதர்கள் ஒருவர் பின் ஒருவராக வருவதை நிறுத்திக்கொண்டபோது அந்தச் சிரிப்பும் நின்றுபோனது.

படுக்கைப் புண் வராமல் இருக்க அவனை அடிக்கடி புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். ஆள் வைத்துப் பார்க்க வசதியில்லை. காதக்கா வேலையை விட்டுவிடுவதாகச் சொல்லப் போனாள். டாக்டரம்மா கேட்கவே இல்லை; வீட்டிலிருந்தே செய்யட்டும் என்று சொல்லிவிட்டார்.

மருத்துவமனைக்கு வந்துபோகிற கம்ப்யூட்டர்காரர் ஒருவர் இருந்தார். இன்னும் நாலைந்து இடங்களில் வேலை பார்ப்பவர், எப்போதும் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டே பேசுகிறவர். அவர்தான் வீட்டுக்கு வந்து லேப்டாப்பை அமைத்துக் கொடுத்தார். வேறு யாரும் இதைத் தொடக்கூடாது, இதில் வேறெதையும் பார்க்கக்கூடாது, பாஸ்வேர்டு அவள் மண்டைக்குள் மட்டும்தான் இருக்க வேண்டும் என்றார். உள்ளே நுழையும்போதெல்லாம் அவள் போனுக்கு ஒரு ரகசிய எண் வரும். அது வீட்டுச் சாவி மாதிரி. "நானே போன் பண்ணிக் கேட்டாலும் சொல்லாதீங்கக்கா. நான் கேக்கவே மாட்டேன். கேட்டா அது நானில்ல" என்றார். காதக்கா அதை அன்றைக்கே கணவனிடமும் சொன்னாள். அவன், தன் மனைவிக்கு இப்போது ராணுவத்தில் வேலை கிடைத்துவிட்டது என்று கிண்டல் செய்தான்.

இருந்தது ஒரே அறை, ஒரு சமையலறை. கட்டிலுக்கும் மேஜைக்கும் நடுவே ஒரு திரை கட்டினாள். லேப்டாப்பை அந்தத் திரைக்கு முதுகு காட்டும்படி வைத்தாள். காதில் ஹெட்போனை மாட்டினால் அவன் கூப்பிடுவது கேட்காது என்பதால், ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொண்டு, மறு காதை அவனுக்கு விட்டுவைத்தாள். ஒரு காதில் யாரோ ஒருவர் தன் வாழ்க்கையைக் கொட்டிக்கொண்டிருப்பார். மறு காதில், "கொஞ்சம் தண்ணி" என்று குரல் வரும். இப்படியே வருஷம் ஓடியது.

ஒரு காரியம் மட்டும் அரைகுறையாகக் கிடந்தது. தட்டச்சு முடிந்ததும் பேச்சுப் பதிவுகளை அழித்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. டாக்டரம்மா பழைய பேச்சோடு புதியதை ஒப்பிட்டுப் பார்க்க விரும்பியதால் அவை அழியாமல் சேர்ந்துகொண்டே போயின. ஒவ்வொரு முறையும் அனுமதி கேட்டு அலையவேண்டாம் என்று கம்ப்யூட்டர்காரர் எல்லாப் பதிவுகளையும் காதக்காவின் கணக்கிலிருந்தே திறக்கும்படி செய்து கொடுத்தார். அடுத்த மாதம் சரிசெய்துவிடுகிறேன் என்றார். அந்த அடுத்த மாதம் வரவே இல்லை.

கணவனுக்கு மருந்து வாங்குவது பக்கத்துத் தெரு மருந்துக்கடையில். கடைக்காரர் ஒல்லியான, சாதுவான மனிதர். எதைச் சொன்னாலும், "அதாவது பாருங்க" என்று ஆரம்பிப்பார். அதாவது பாருங்க, இது சாப்பாட்டுக்கு அப்புறம். அதாவது பாருங்க, இதைக் குளிர்ச்சியான இடத்தில் வைக்கணும். ஒரு நாள் காலையில் காதக்கா புதிய பதிவு ஒன்றைத் திறந்தபோது, அதே "அதாவது பாருங்க" காதுக்குள் வந்து விழுந்தது. உடனே நிறுத்திவிட்டாள். எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தாள். தான் வைத்துக்கொண்ட கட்டுப்பாடு தன்னைக் கேட்காமலே உடைந்துவிட்டது. வேலை வேலைதானே, திரும்ப வந்து உட்கார்ந்து கேட்டாள்.

கல்யாணமாகி வெகுகாலம் கழித்துப் பிறந்த பெண் குழந்தை அவருக்கு. அதைக் கையில் எடுத்தாலே, கீழே போட்டுவிடுவேனோ என்று தோன்றுகிறது. குளிப்பாட்டும்போது தண்ணீருக்குள் அமுக்கிவிடுவேனோ என்று தோன்றுகிறது. கத்தியைப் பார்த்தால் கை நடுங்குகிறது. வீட்டில் பழம் நறுக்குவதையே விட்டுவிட்டார். குழந்தை ஓடிவந்தால் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்கிறார். நான் மிருகமா டாக்டர் என்று கேட்டுவிட்டு அவர் அழுத அழுகையைத் தட்டச்சு செய்ய எழுத்து இல்லை. டாக்டரம்மா அன்றைக்கு வாய்க்குள் முனகவில்லை. தெளிவாகச் சொன்னார்: "இப்படித் தோணறதுதான் உங்க வியாதி. ஆசைப்பட்டுத் தோணல, பயந்து தோணுது. குழந்தை மேல உங்களுக்கு இருக்கற பாசத்துலயே இந்த வியாதி வந்து உக்காந்திருக்கு. இதுக்கு மருந்து இருக்கு, பயிற்சி இருக்கு. சரியாயிடும்."

அதற்குப் பிறகு மருந்து வாங்கப் போனால் காதக்கா அவர் முகத்தைப் பார்க்கமாட்டாள். ஆனாலும் கண் பார்த்துவிடும். குழந்தை கடைக்குள் வந்து அவர் வேட்டியைப் பிடித்து இழுக்கும். கைகள் பின்னால் போய்விடும். ஒரு வார்த்தை ஆறுதலாகச் சொல்லலாமா என்று அவளுக்கு நாக்கு துடிக்கும். மாத்திரையை வாங்கிக்கொண்டு வந்துவிடுவாள்.

மாதங்கள் போகப் போக அந்தக் குரலில் தெம்பு ஏறியது. ஒரு பதிவில் அவர், "அதாவது பாருங்க டாக்டர், நேத்து நான்தான் பாப்பாவைக் குளிப்பாட்டினேன். ஒண்ணும் ஆகல. அவ சிரிச்சா" என்றார். டாக்டரம்மா சிரிப்பது கேட்டது. காதக்கா ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாள். திரைக்கு அந்தப் பக்கமிருந்து கணவன், என்ன சத்தத்தைக் காணோம் என்று கேட்டான். ஒண்ணுமில்லீங்க, ஒரு நல்ல சேதி என்று மட்டும் சொன்னாள். அவளுக்கு அந்த வேலையில் கிடைத்த பெரிய சந்தோஷம் அதுதான்.

நாசம் இரண்டு வாசல் வழியாக வந்தது. முதல் வாசலைத் திறந்தது அவளே. கணவனுக்குக் காய்ச்சல் அனலாகக் கொதித்த ஒரு காலை அது. ஒரு பக்கம் நெற்றிக்குத் துணி நனைத்துப் போட்டுக்கொண்டு, மறுபக்கம் அன்றைய குறிப்புகளை அனுப்பிக்கொண்டிருந்தாள். மருத்துவமனையிலிருந்து வருவதுபோலவே, அதே முத்திரையோடு ஒரு மின்னஞ்சல் வந்தது. உங்கள் கோப்புகள் வைக்கும் இடம் நிரம்பிவிட்டது, தொடர்வதற்கு மறுபடியும் உள்ளே நுழையவும் என்றது. நுழைந்தாள். பாஸ்வேர்டைப் போட்டதும் பக்கம் வெறுமையாக நின்றது. இணையம் மக்கர் செய்கிறது என்று நினைத்து மூடிவிட்டாள். பத்து நிமிஷத்தில் மறந்தும் போனாள். பாஸ்வேர்டு போய்விட்டது, ரகசிய எண் மட்டும் திருடர்களுக்குப் பாக்கி.

சில நாள் கழித்து அவள் துவைத்த விரிப்புகளை உலர்த்த மொட்டைமாடிக்குப் போயிருந்தாள். போன் கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் சார்ஜில் கிடந்தது. மணி அடித்தது. கணவன் எடுத்தான். மருத்துவமனையின் கம்ப்யூட்டர் பிரிவிலிருந்து பேசுவதாக ஒருவன் சொன்னான். குரலில் அத்தனை மரியாதை. அண்ணே என்று கூப்பிட்டான். அக்காவின் பெயர் தெரிந்திருந்தது, டாக்டரம்மாவின் பெயர் தெரிந்திருந்தது. அக்காவின் கணக்கு முடங்கப்போகிறது, இன்றைய குறிப்புகள் போகாவிட்டால் அக்காவுக்குத்தான் கெட்ட பெயர், இப்போது ஒரு எண் வரும், அதைப் படித்துச் சொன்னால் நானே சரிசெய்துவிடுவேன் என்றான். கணவனுக்கு அவள் சொன்ன கட்டளை நினைவில் இல்லாமல் இல்லை. கொஞ்சம் தயங்கினான். போனில் பேசியவன், "அண்ணே, உங்களால முடியலன்னா பரவாயில்ல, விட்டுடுங்க" என்றான்.

முடியாது என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போயிருந்த மனிதனுக்கு அந்தச் சொல் சுருக்கென்று தைத்தது. படித்துச் சொல்லிவிட்டான். ரொம்ப நன்றி அண்ணே, வேலை முடிஞ்சுது, அக்காவைக் கலவரப்படுத்த வேண்டாம் என்று சொல்லி அந்த ஆள் போனை வைத்துவிட்டான். காதக்கா கீழே இறங்கி வந்தபோது கணவன் முகம் வெகுநாளைக்குப் பிறகு மலர்ந்திருந்தது. அன்றைக்கு அவளுக்குக் காரணம் தெரியவில்லை.

விஷயம் வெடித்தது அடுத்த வாரம். முதலில் பணம் கேட்டு டாக்டரம்மாவுக்கு மிரட்டல் வந்தது. அவர் பணியவில்லை, போலீசுக்குப் போனார். உடனே திருடர்கள் சிகிச்சைக்கு வந்தவர்களையே பிடித்துக்கொண்டார்கள். எண்களுக்கு உரிய பெயர்களும் முகவரிகளும் அதே இடத்தில்தான் இருந்தன. ஒவ்வொருவருக்கும் அவரவர் குரலையே அனுப்பிப் பணம் கேட்டார்கள். பதில் சொல்லாதவர்களின் குரலை அவர்கள் வீட்டாருக்கு அனுப்பினார்கள். ஒரு கல்லூரி ஆசிரியை வேலையை ராஜினாமா செய்துவிட்டு எங்கோ போய்விட்டார். ஒரு பையனின் அப்பா மாடியேறி வந்து வரவேற்பறை நாற்காலியைத் தூக்கி அடித்து உடைத்தார்.

மருந்துக்கடைக்காரரின் மனைவிக்கும் ஒரு துண்டு வந்தது. சின்னத் துண்டுதான். தண்ணீருக்குள் அமுக்கிவிடுவேனோ, கத்தியைப் பார்த்தால் கை நடுங்குகிறது, நான் மிருகமா என்பதுவரை இருந்தது. டாக்டரம்மா சொன்ன பதிலை நறுக்கி எறிந்திருந்தார்கள். அந்தப் பெண் இரண்டாம் முறை கேட்கவில்லை. குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு, போட்ட செருப்போடு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

கம்ப்யூட்டர்காரர் வீட்டுக்கு வந்தார். லேப்டாப்பைப் பார்த்தார், போனைப் பார்த்தார். கையில் ஹெல்மெட் இல்லை, அதை எங்கேயோ மறந்து வைத்துவிட்டு வந்திருந்தார். காதக்காவின் கணக்கு வழியாகத்தான் போயிருக்கிறார்கள், பாஸ்வேர்டும் ரகசிய எண்ணும் சரியாகப் போட்டு, வீட்டு ஆள் மாதிரி நுழைந்திருக்கிறார்கள் என்றார். நான் யாருக்கும் சொல்லவில்லை என்று அவள் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னாள். அவர் அவள் முகத்தைப் பார்க்காமல், "எல்லாத்தையும் உங்க கணக்குல திறந்து வெச்சது நான்தாங்கக்கா. தப்பு என் பேர்லயும் இருக்கு" என்று சொல்லிவிட்டு லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போனார்.

அவர் படியிறங்கும் சத்தம் ஓய்ந்த பிறகு திரைக்கு அந்தப் பக்கமிருந்து கணவன் கூப்பிட்டான். அவள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் கூரையைப் பார்த்தபடி சொன்னான்.

"நான்தான் சொன்னேன். அந்த நம்பர."

அவளுக்கு முதலில் புரியவில்லை. அவன் மெதுவாக, ஒன்றுவிடாமல் சொல்லி முடித்தான். கடைசியில், "உனக்கு ஒரு உதவி பண்ணிட்டேன்னு நெனச்சேன்" என்றான்.

கத்தியிருக்கலாம். கத்தியிருந்தால் அவனுக்கும் பாரம் குறைந்திருக்கும். அவன் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தபோதுதான் அந்தக் காய்ச்சல் நாள் நினைவுக்கு வந்தது. வெறுமையாக நின்ற அந்தப் பக்கம். முதல் சாவியைக் கொடுத்தது நான், நான் கொடுக்காமல் இருந்திருந்தால் நீங்கள் சொன்ன எண் ஒன்றுக்கும் உதவியிருக்காது என்று அவனிடம் சொன்னாள். அவன் தலையைத் திருப்பி அவளை உற்றுப் பார்த்தான்.

"எனக்காகப் பொய் சொல்லாத."

"பொய்யில்லீங்க. நெஜமாத்தான்."

"முதுகுதான் போச்சு. மூளை போகல" என்றான். எத்தனை முறை சொன்னாலும் அவன் நம்பவில்லை. மனைவி தன்னைத் தேற்றுவதற்காகப் பழியை இழுத்துப் போட்டுக்கொள்கிறாள் என்றே அவன் முடிவு செய்துவிட்டான்.

மறுநாள் காதக்கா டாக்டரம்மாவிடம் போய் இரண்டையும் ஒப்புக்கொண்டாள். டாக்டரம்மா ஓரிரு நாளிலேயே பத்து வயது கூடியவர்போல் இருந்தார். திட்டவில்லை. பதிவுகளை அழிக்காமல் வைத்திருந்தது தன் குற்றம், அழித்திருந்தால் திருட ஒன்றும் இருந்திருக்காது என்றார். வந்தவர்கள் ஒவ்வொருவரையும் தானே சந்தித்துப் பேசப்போவதாகவும், அவள் வீட்டில் இருக்கட்டும், யாரிடமும் எதுவும் பேசவேண்டாம் என்றும் சொன்னார்.

அவள் பேசாமல்தான் இருந்தாள். ஆனால் மருந்து தீர்ந்தது. கடைக்குப் போனாள். மருந்துக்கடைக்காரர் கல்லாவில் உட்கார்ந்திருந்தார். சவரம் செய்யாத முகம். சீட்டை வாங்கிப் பார்த்து, மாத்திரைகளை எடுத்துக் கொடுத்தார். எதைச் சாப்பாட்டுக்கு முன், எதைப் பின் என்று சொல்லவில்லை. "அதாவது பாருங்க" வரவில்லை. கண்ணாடி அலமாரிக்குக் கீழே ஒரு சின்ன ரப்பர் செருப்பு, ஒற்றையாகக் கிடந்தது. டாக்டரம்மா அவர் மனைவியைப் பார்க்கப் போனபோது அண்ணன்காரன் வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டான் என்று வரவேற்புப் பெண் சொல்லியிருந்தாள். பேச்சின் மறுபாதி, அவரையும் திருடர்களையும் விட்டால், இந்த உலகத்தில் இரண்டே பேர் காதில்தான் விழுந்திருக்கிறது, ஒருவரை விரட்டியாகிவிட்டது, மிச்சம் நான்தான் என்று காதக்காவுக்குத் தோன்றிவிட்டது. தோன்றிய பிறகு அவளால் வீட்டுக்குத் திரும்ப முடியவில்லை. மருந்துப் பையோடு அப்படியே அந்த அண்ணன் வீட்டுக்கு நடந்தாள்.

நல்லவேளையோ கெட்டவேளையோ, அண்ணன் வேலைக்குப் போயிருந்தான். அந்தப் பெண்ணே கதவைத் திறந்தாள். அண்ணி உள்ளே குழந்தைக்கு ஏதோ ஊட்டிக்கொண்டிருந்தாள். காதக்கா வாசலில் நின்றபடியே, தான் யார் என்று சொன்னாள். கோர்த்து வைத்திருந்த பேச்சை மூச்சுவிடாமல் சொல்லி முடித்தாள். "உங்களுக்கு வந்தது பாதிதாம்மா. நான் முழுசாக் கேட்டிருக்கேன். டாக்டர் சொன்ன பதில வெட்டிட்டாங்க. அது வியாதி. அவரால குழந்தைக்கு ஆபத்தில்லன்னு டாக்டரே சொன்னாங்க. குளிப்பாட்டினேன், சிரிச்சான்னு சொல்லி அவரு எவ்வளவு சந்தோஷப்பட்டாரு தெரியுமா?"

அந்தப் பெண் இமைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகம் இளகும் என்று காதக்கா காத்திருந்தாள்.

"நீங்களும் கேட்டீங்களா?" என்றாள் அவள்.

காதக்கா மருந்துப் பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"எங்க கடையில வந்து மருந்து வாங்குவீங்களே, அப்பவும் தெரியுமா?"

"தெரியும்மா."

"பாப்பா உங்க முன்னாடி விளையாடிட்டு இருந்தப்பவும்?"

காதக்கா தலையை மட்டும் ஆட்டினாள்.

"உங்களுக்குத் தெரியுது. திருடனுக்குத் தெரியுது. கூட வாழற எனக்கு மட்டும் தெரியல" என்றாள் அந்தப் பெண். குரல் உயரவில்லை. "யார் வீட்டுலேர்ந்து போச்சு இதெல்லாம்?"

பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை. "எங்க வீட்டுலேர்ந்துதான்."

"அப்போ நீங்க சொல்றத நான் எப்படி நம்பறது?"

கதவு சாத்திக்கொண்டது. அறைந்து சாத்தவில்லை, மெதுவாகத்தான் சாத்தினாள். உள்ளே குழந்தை யார் வந்தது என்று கேட்டது. யாருமில்லை என்று அவள் சொன்னது வெளியே நன்றாகக் கேட்டது.

அண்ணன்காரன் மறுநாளே மருத்துவமனைக்கு வந்து குதித்தான். உங்கள் ஆட்கள் வீட்டுக்கே வந்து கதை அளக்கிறார்களா, இன்னும் யார் யார் கேட்டார்கள் என்று கீழே கண்ணாடிக் கடைவரை கேட்கக் கத்தினான். டாக்டரம்மா காதக்காவைக் கூப்பிட்டு அனுப்பினார். "திருட்டுக்காக நான் உங்களை வேலையை விட்டு அனுப்பியிருக்கமாட்டேன்" என்றார். "யாரை வேணாலும் ஏமாத்தியிருப்பாங்க. ஆனா அங்க போனது நீங்களாப் போனது. அவரோட ரகசியத்த அவரைக் கேக்காம நீங்களே எடுத்துட்டுப் போய்க் குடுத்துட்டீங்க." அந்த அறையில் கேட்டதை வெளியே கொண்டுபோகாமல் அத்தனை வருஷம் காதும் காதும் வைத்ததுபோல் காத்தவள் அவள். ஒரே ஒரு முறைதான் தவறினாள். அதுவும் நல்லதுக்கென்று நினைத்து. அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது? சொல்லிக்கொண்டு இறங்கிவிட்டாள்.

திருடர்களைப் பிடிக்கவில்லை. அவர்கள் எந்த நாட்டில் இருக்கிறார்கள் என்பதே தெரியவில்லை என்று போலீஸ் கைவிரித்தது. மருத்துவமனை மூடப்படவில்லை, ஆனால் மாடியேறுகிறவர்கள் அருகிப்போனார்கள். வருகிறவர்களும் உட்கார்ந்தவுடன், இது எங்கேயாவது பதிவாகிறதா என்றுதான் முதலில் கேட்டார்கள். இல்லை என்று டாக்டரம்மா சொல்லுவார். அவர்கள் அறையைச் சுற்றிலும் ஒரு முறை பார்ப்பார்கள். பிறகு தூக்கம் வரவில்லை, பசி எடுக்கவில்லை என்று மேலோட்டமாக எதையாவது சொல்லிவிட்டு மாத்திரையை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

மருந்துக்கடைக்காரருக்கு விட்டுப்போன பயமெல்லாம் திரும்பி வந்தது. மறுபடியும் டாக்டரிடம் போக அவர் சம்மதிக்கவில்லை. பேசியதால்தானே இத்தனையும் என்றார். பெரியவர்கள் உட்கார்ந்து பேசி, வாரத்துக்கு ஒரு நாள் குழந்தையைப் பார்க்கலாம், மச்சான் கூடவே இருக்க வேண்டும் என்று முடிவானது. இரண்டொரு வாரம் போனார். மச்சான் நாற்காலியைப் போட்டு எதிரில் உட்கார்ந்து அவர் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தானாம். இவர் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டியபடி நின்றுவிட்டு வந்துவிட்டாராம். அப்புறம் போகவில்லை. கடையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டு, ஊரைவிட்டே போனார். இதெல்லாம் தெருவில் நாலு பேர் பேசிக் காதக்காவின் காதில் விழுந்தவைதான். அவளாகப் போய் யாரிடமும் விசாரிக்கவில்லை.

அவளுக்கு ஒரு கிடங்கில் வேலை கிடைத்தது. வந்து இறங்கும் பெட்டிகளைச் சரிபார்த்துக் கணினியில் ஏற்றுவது. பெட்டிகள் பேசுவதில்லை. பகலில் கணவனைப் புரட்டிப் படுக்க வைக்கப் பக்கத்து வீட்டுக்காரம்மா வந்துபோனார். திரையை அவிழ்த்து மடித்து வைத்துவிட்டாள். ஆனாலும் அறை பெரிதாகத் தெரியவில்லை. அவன் போனைத் தொடுவதே இல்லை. மணி அடித்தால் கண்ணை இறுக மூடிக்கொள்வான். அத்தனை வாயும் எங்கே போனதோ, வேண்டுமா வேண்டாமா என்பதற்கு மேல் ஒரு சொல் வராது. அவள் அந்தக் காய்ச்சல் நாளைப் பற்றி இன்னும் இரண்டு மூன்று முறை எடுத்துச் சொல்லிப் பார்த்தாள். அவன் கேட்டுக்கொள்வான், அவ்வளவுதான். தன் தவற்றில் பாதியை அவன் கொடுக்கவில்லை, அவளுடைய பாதியை வாங்கிக்கொள்ளவும் இல்லை.

ஒரு விடுமுறை நாள் மத்தியானம் அவள் அவனைப் பக்கவாட்டில் புரட்டி, முதுகுக்குத் தலையணை வைத்துக்கொண்டிருந்தாள். தெருப்பேச்சு அரைகுறையாக அவன் காதிலும் விழுந்திருந்தது. அவனாகவே வாயைத் திறந்தான்.

"அந்த மருந்துக்கடைக்காரர் கொழந்த… அவர்ட்ட திரும்பி வந்துடுச்சா?"

வந்துவிட்டது என்று சொல்லிவிடலாம். அவனுக்கு எங்கே தெரியப்போகிறது? ஜன்னலுக்கு வெளியே பார்க்கக்கூட யாராவது தூக்கி உட்காரவைக்க வேண்டும். அந்தச் சொல் அவள் நுனிநாக்குவரை வந்தது. ஆனால் அவள் எப்போது அவனுக்காகப் பொய் சொல்லுகிறாள் என்று கண்டுபிடிக்கவே அவன் காத்திருப்பதுபோல் பட்டது.

"இல்லீங்க" என்றாள்.

அவன் தலையை அசைத்தான். பிறகு, சுவர்ப் பக்கம் திருப்பிவிடு என்றான். இப்போதுதானே புரட்டினேன், வலிக்கிறதா என்று கேட்டாள். வலிக்கவில்லை என்றான். அவள் தலையணையை உருவிவிட்டு, இரண்டு கையாலும் அவன் இடுப்பைப் பிடித்து, அவன் முகம் சுவரைப் பார்க்கும்படி மெல்லத் திருப்பி வைத்தாள்.